டம்ளரில் விழுந்த நசுங்கல்

மனைவி ஷீலா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தேவாலயத்தில் நடக்கும் நினைவுத் திருப்பலியில் கொடுக்கும் அட்டைக்கு என்ன படம் போடுவது என்று ஸ்டீபனுக்குத் தெரியவில்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். நோயில் படுத்த பிறகு எடுத்த ஒன்றிரண்டு படங்களை அவனாலேயே பார்க்க முடியவில்லை. கடைசியில், அவள் புழங்கிய பொருட்களையே படமெடுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தான்.

அவனுடைய பிழைப்பும் அதுதான். மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்தில் பதினாறு வருஷமாக, இணையக் கடைகளுக்கான பொருட்களின் படங்களைத் திருத்துகிறான். குக்கரில் இருக்கும் கீறலும் செருப்பில் ஒட்டிய தூசியும் அவன் கைபட்டால் இருந்த இடம் தெரியாது.

சனிக்கிழமை காலை வானவடியில் இருக்கும் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டான். ஷீலாவின் மூக்குக் கண்ணாடி, செபமாலை, அவள் டீ குடிக்கும் எவர்சில்வர் டம்ளர். கல்யாணத்தின்போது அவள் அம்மா மகளின் பெயரை வெட்டிக் கொடுத்த டம்ளர் அது. கறுப்பு வெள்ளையில் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான். டம்ளரின் நடுவில் இருந்த நசுங்கல் கன்னங்கரேலென்று பள்ளமாகத் தெரிந்தது.

படத்தை இன்னோர் அடுக்காக நகலெடுத்து, அந்த நகலை மட்டும் மங்கலாக்கி, அசலின் மேல் வெளிச்சமாகப் படரவிட்டான். ஜன்னல் வெளிச்சம் டம்ளரின் விளிம்பிலிருந்து கசிந்து, மூக்குக் கண்ணாடி, செபமாலை மணிகள் எல்லாவற்றையும் பஞ்சு போல மூடியது. வெளிச்சத்தின் அளவைக் குறைத்தான், நசுங்கல் எட்டிப் பார்த்தது. மறுபடி கூட்டினான். அது மறையும்வரை கூட்டினான்.

அந்த நசுங்கல் அவனால் விழுந்தது. ஷீலா இரண்டு வாரமாக வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம். அலுவலகத்தில் பண்டிகைக் கால வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. "எப்பப் பாத்தாலும் வலி, வலி! வேற பேச்சே கிடையாதா?" என்று கத்தி, பக்கத்திலிருந்த அவள் டம்ளரை டீயோடு வீசியெறிந்தான். அவள் மேல் படவில்லை, சுவரில் பட்டது. ஷீலா சுவரைத் துடைத்தாள். அதற்குப் பிறகு வலியைப் பற்றி அவனிடம் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் குளியலறையில் சுருண்டு விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கணையத்தில் புற்று. பரவிவிட்டது என்றார்கள்.

அன்று மத்தியானம் விஷ்ராந்த்வாடியிலிருந்து ஷீலாவின் அம்மா செல்வமேரி வந்தார். ஸ்டீபன் படத்தைக் காட்டினான். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு மாப்ள. ஆனா பனி பெஞ்ச மாதிரி இருக்கே. டம்ளர்ல ஒரு நசுங்கல் இருக்குமே, எங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"அவதான் சொன்னா. கழுவும்போது கைதவறிக் கீழ போட்டுட்டேன், திட்டாதம்மான்னு." செல்வமேரி திரையில் தெரிந்த டம்ளரை விரலால் தொட்டார். "நான் திட்டத்தான் செஞ்சேன். அதைக்கூட வந்து சொன்ன பிள்ள, வலிக்குதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே. சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாளோ என்னமோ."

ஒரு வருஷமாக அவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்ட வார்த்தைதான். ஸ்டீபனும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டியிருக்கிறான். அன்று முடியவில்லை.

"அவ எங்கிட்ட சொன்னா அத்தை."

அவர் நிமிர்ந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். துடைத்த பிறகும் சுவரில் தங்கிவிட்ட டீக்கறையையும் காட்டினான். செல்வமேரி அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்று அவன் பின்னாலேயே படியிறங்கினான். "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு தெருவில் இறங்கி நடந்தார்.

ஸ்டீபன் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். டம்ளரின் மேல் படர்ந்த வெளிச்சத்தை மட்டும் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தான். நசுங்கல் மறுபடி கறுப்பாக எழுந்து வந்தது. அந்தப் படத்தை அத்தைக்குப் போனில் அனுப்பினான். அவர் பார்த்துவிட்டார் என்று காட்டியது.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"அட்டைல மொதல்ல காட்டுன படத்தையே போடுங்க."

"அது பொய்யாச்சே அத்தை."

"கைதவறிப் போட்டேன்னு அவ சொன்னதும் பொய்தான். உங்களக் காப்பாத்தணும்னு எங்கிட்டச் சொல்லியிருக்கா. ஊருக்கு முன்னாடி அதை நான் ஒடைக்க மாட்டேன். அந்த இன்னொரு படத்தை எனக்குப் பெருசாப் போட்டுக் குடுங்க. அது என் வீட்ல இருக்கட்டும்."

திருப்பலி முடிந்து கோவில் வாசலில் ஸ்டீபன் அட்டைகளை விநியோகித்தான். வாங்கிப் பார்த்த ஒரு பெண்மணி, "உள்ளேருந்து வெளிச்சம் வர்ற மாதிரி இருக்கு தம்பி. என்ன அன்பு இருந்தா இப்படி எடுக்கத் தோணும்!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செல்வமேரி பக்கத்தில் வந்து நின்றார். அவன் கையிலிருந்த அட்டைகளில் பாதியை வாங்கிக்கொண்டு, இன்னொரு வாசல் பக்கம் கொடுக்கப் போனார்.