மாவுக் கோழிகள்

ஜப்பானியர் பினாங்கிற்கு வருவதற்கு முன்பே வகுப்பில் முதலிடம் என்னுடையது. அவர்கள் வந்து, பள்ளி மறுபடி திறந்து, பாடங்களெல்லாம் மாறிய பின்பும் அந்த இடம் மாறவில்லை. ஆதலால் எங்கள் தெருவின் மாதிரியைச் செய்யும் பணியை ஆசிரியர் என் தலைமையில் ஒரு குழுவிடம் ஒப்படைத்ததில் வியப்பில்லை. முதலில் களிமண்ணில் செய்தது காய்ந்ததும் வெடித்தது; ஆகவே பள்ளித் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கு மாவைப் பிசைந்து செய்தோம். உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. வேலை முடிந்ததும், அதைச் சந்தைகூடும் பாசாரில் வைத்து ஊராருக்குக் காட்டப்போவதாக அறிவித்தார்.

எங்கள் வீட்டு விறகுக் கொட்டகையில் கோழிகள் இருந்தன. கண்ணில் பட்ட கோழியெல்லாம் ஜப்பானியப் படைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒளித்து வைத்தவர்களுக்கு உதை நிச்சயம். விசாரிக்க வந்தவர்களிடம் எங்களுக்குக் கோழியே இல்லை என்று தந்தையார் சொல்லியிருந்தார். அதை நான் அறியேன். "கோழிக் கதை வெளியிலை கதைக்கப்படாது" என்று மட்டுமே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அலுவலகக் கிராணியான தந்தையாரின் சம்பளம், அக்காவின் நகை ஆகியவற்றையும் வெளியில் பேசுவதில்லை. பெருமையடிப்பது கிராணி குடும்பத்துக்கு அழகன்று. இதையும் அவ்வகையாகவே கொண்டேன். எவரிடமும் கதைக்கவில்லை. கோழிகளை மாவில் செய்து, கொண்டைக்குச் செம்மண் பூசி, கொட்டகையருகே வைத்தேன். அவ்வளவே.

பாசாரில் நல்ல கூட்டம். நான் கையில் குச்சியுடன் நின்று விளக்கினேன். அம்மாவின் தம்பியான மாமா சிரித்த முகத்தோடு வந்தார்; கொட்டகையைக் கண்டதும் அச்சிரிப்பு போய்விட்டது. ஜப்பானிய அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளருடன் வந்து, மாதிரியில் ஒவ்வொரு வீடாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு வீடு தம்பி?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கக் கேட்க நான் சொல்லிவந்தேன். அடுத்தது எங்கள் வீடு. வாயைத் திறந்தேன்.

மாமா கையை நீட்டி, என் கோழிகளை அள்ளித் தம் வாயில் போட்டுக்கொண்டார்.

தெருவில் நின்று தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் அவர். கூட்டம் திகைத்தது, பிறகு சிரித்தது.

"அண்ணே, வீட்டையும் சேத்துத் தின்னுருங்க லா" என்றாள் கீரை விற்ற பெண்.

"மரவள்ளி மாவெல்லோ, தங்கச்சி. பார்த்துக்கொண்டு எப்பிடி நிக்கிறது?" என்றார் மாமா, மென்றபடியே.

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொன்னதும் அதிகாரியும் சிரித்துவிட்டு அப்பால் போனார்.

வீட்டில் மாமாவுக்குத் தக்க கண்டனம் கிடைக்கும் என எதிர்பார்த்தேன். தந்தையாரோ எழுந்து தம் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். அம்மா அவருக்கே முதலில் சோறு போட்டு, ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிதைந்த என் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குற்றம் செய்தவருக்கு உபசாரமும் எனக்கு மௌனமும் ஏன் என்பது அன்று எனக்கு விளங்கவேயில்லை.

ஜப்பான் காலத்துப் பசியில் மருமகனின் பள்ளிக்கூட வேலையையே தின்றவர் என்று உறவினர் இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கின்றனர். அது தவறு. அவருக்குப் பசி இல்லை. அன்று காலை எங்கள் வீட்டில் முட்டைப்பொரியல் சாப்பிட்டுவிட்டுத்தான் பாசாருக்கு வந்திருந்தார்.