வியாழக்கிழமை நீட்டுக்கார்

டிக்கிக் கதவை மேலே தூக்கியதும் முதலில் மூக்கில் ஏறுவது நாய் மணம்தான். அதன் பின்னால் தலை துவட்டிய ஈரத் துவாய், பொரித்த கடலை வடை, நாய் மணத்தை விரட்டுவதற்காக அம்மா காட்டிக் காட்டித் தோற்றுப்போன சாம்பிராணி என்று ஒவ்வொன்றாக வரும். நாய் எங்களுடையது அல்ல. அம்மா துப்புரவு வேலைக்குப் போன வீட்டுச் சிஞ்ஞோரா, அதாவது எசமானியம்மாவின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் தன் இரண்டு வேட்டை நாய்களையும் ஏற்றித் திரிந்த கார் அது. அவர் போனபின், பலெர்மோவின் சந்துகளில் இவ்வளவு நீளமான வண்டியை எங்கே நிறுத்துவது என்று மகன்மார் கையை விரித்துவிட, அது எங்களிடம் வந்து சேர்ந்தது. இத்தாலியர் அதைக் குடும்பக் கார் என்பார்கள், அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன் என்பார்களாம். எங்கள் ஆட்கள் பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர் "நீட்டுக்கார்".

அதை ஓட்டியது அப்பா இல்லை. இலங்கையில், வன்னியில் லொறி ஓட்டிய மனிதர் இங்கே லைசென்ஸ் எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டார். அம்மா முதல் தரமே பாஸ். "நான் தமிழிலை ஓடுவன், இத்தாலியனிலை ஓடத் தெரியாது" என்று அப்பா பகிடி விடுவார், ஆனால் முன்சீட்டில் இருக்கும்போதெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டேதான் வருவார். முதல் நாள் நாலு டயருக்கும் கீழே வைக்கவென்று அம்மா சந்தையில் வாங்கிவந்த எலுமிச்சம்பழங்கள் சிசிலிப் பழங்கள். கைக்கு அடங்காத பருமன், தடித்த தோல். காரை எடுத்தபோது மூன்று நசிந்தன, நாலாவது நசியாமல் வழுக்கிப் பறந்து எதிர்ப்பக்கச் சலூன்காரரின் வாசலில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, மணந்து பார்த்து, எங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே கொண்டுபோனார். நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அம்மாவும் அப்பாவும் அன்று முழுவதும் வாதாடினார்கள்.

இந்த நகரத்தில் சிஞ்ஞோராக்களின் வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமை பின்னேரமும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சாமிக்கும் சந்தைக்கும் போய்விடும். வியாழன் சும்மா இருப்பதற்கான நாள், ஆனால் சும்மா இருக்க அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. வேலை வீட்டில் குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையும் ஒரு கட்டிலும் இருக்கும், வந்தவரை இருத்த ஒரு கதிரை இராது. ஆகவே வியாழன் இரண்டு மணிக்கு அம்மா நீட்டுக்காரை எடுத்துக்கொண்டு பணக்காரர் இருக்கும் பொலிதேயாமாப் பக்கம் போய், ஒவ்வொரு வாசலாக நிறுத்தி ஐந்து அன்ரிமாரை ஏற்றுவார். முன்னால் ஒருவர், பின்சீட்டில் நாலு பேர். நானும் தம்பியும் மேல்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் டிக்கியில் பாயை விரித்துக் கால் நீட்டிக்கொண்டு போவோம். இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பொலிஸ் கண்டிருந்தால் அம்மாவின் லைசென்ஸ் அன்றோடு போயிருக்கும்.

மொந்தெல்லோக் கடற்கரையில், காரின் பின்பக்கம் கடலைப் பார்க்கும்படி அம்மா நிறுத்துவார். டிக்கிக் கதவு மேலே போனால் அதுவே கூரை. எங்களை மணலுக்குத் துரத்திவிட்டு அன்ரிமார் டிக்கி விளிம்பில் வரிசையாக இருந்து ஒருவர் தலையில் ஒருவர் எண்ணெய் வைப்பார்கள், வடை தின்பார்கள், சிஞ்ஞோராக்களைப் போல நடித்துக் காட்டுவார்கள், சண்டை பிடித்துக்கொண்டு அடுத்த நிமிஷமே சேர்ந்துகொள்வார்கள். உயரமும் இல்லாமல் பதிவும் இல்லாமல், குந்தி இருக்கவென்றே செய்தது போன்ற விளிம்பு அது. அந்தக் காரின் அருமை அதன் எஞ்சினில் இல்லை, அந்த விளிம்பில்தான் இருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்த ஐவரில் ஒருவர் மலர் அன்ரி. மகள் தர்சினியை மூன்று வயதில் வன்னியில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவர். யுத்தம் இடையில் வந்து, பல மாதம் பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் கிடந்து, பிறகு ஒருவழியாகத் தொடர்பு கிடைத்து, விசாவுக்காகக் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கும் தூதரகத்துக்கும் அலைந்து அவளைக் கூப்பிடுவதற்கு எட்டு வருடம் போய்விட்டது. போனில் தர்சினி "ஓம்", "இல்லை", "சுகம்" என்ற மூன்று சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். "ஒருக்கால் நேரிலை அம்மா எண்டு கூப்பிட்டாளெண்டால் எனக்கு அதுவே காணும்" என்று மலர் அன்ரி டிக்கி விளிம்பில் இருந்து எத்தனையோ வியாழன் சொன்னதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

தர்சினி வந்த கிழமையே வியாழன் பயணத்துக்கும் வந்தாள். பதினொரு வயது, ஒல்லி, இறுகப் பின்னிய இரட்டைப் பின்னல். தாய்க்குப் பக்கத்தில் அவளுக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவளோ பேசாமல் வந்து டிக்கிக்குள் ஏறி, முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். நான் வழமைபோல, "மலர் அன்ரி, வடைப் பெட்டியைத் தாங்கோ" என்று கத்தினேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் கழித்து, "அன்ரி, எனக்குத் தண்ணி வேணும்" என்றாள்.

எட்டு வருடமாக அவளிடம் அந்தப் பெண்ணைக் கூப்பிட ஒரு சொல் இருக்கவில்லை. அன்ரி என்ற சொல்லை நான் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மலர் அன்ரி போத்தலைத் திறந்து, அதன் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பின்னால் நீட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

அன்றிரவு அம்மா எங்கள் நாலு பேரையும் பிடித்து நிறுத்தினார். "இனி ஒருத்தரும் அவவை அன்ரி எண்டு கூப்பிடக் கூடாது. மலரம்மா எண்டு கூப்பிடுங்கோ. விளங்கிச்சோ?" ஊரே சொன்னால் அவளும் சொல்லிப் பழகிவிடுவாள் என்பது அம்மாவின் கணக்கு. எங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அடுத்த வியாழன் தொடக்கம் "மலரம்மா கண்ணாடியைத் திறவுங்கோ", "மலரம்மா தம்பி கிள்ளுறான்" என்று காரை இரண்டாக்கினோம். தர்சினி அசையவில்லை. அன்ரி என்பதையும் விட்டுவிட்டு, தேவையானதைக் கையால் காட்டத் தொடங்கினாள். நிலைமை முன்னையிலும் மோசமாகிவிட்டது என்று மலர் அன்ரி அம்மாவிடம் அழுதது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

நாலாவது வியாழன், மொந்தெல்லோவிலிருந்து திரும்பி வரும்போது நடந்தது. எனக்கு வெயிலில் தலையிடி. "மலரம்மா, உங்கடை மடியிலை படுக்கட்டோ?" என்று கேட்டேன். அவரும் பாவம், "வா மோனை" என்று கையை நீட்டினார். நான் சீட்டின் முதுகைப் பிடித்து ஏறப் போன நேரம் என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பற்றி இழுத்தார்கள்.

"அவ உனக்கு அம்மா இல்லை" என்றாள் தர்சினி. நாலு கிழமையில் அவள் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு அதன் பின்னால் வந்தது. "உங்கள் ஒருத்தருக்கும் அவ அம்மா இல்லை. எனக்கு மட்டும்தான் அம்மா. தள்ளு!"

என்னைத் தள்ளிவிட்டு, சீட்டுக்கு மேலால் காலைப் போட்டு, ஒரு அன்ரியின் தோளில் மிதித்து, இன்னொருவரின் கொண்டையைக் குலைத்துக்கொண்டு, நாலு பேருக்கு நடுவில் போய் விழுந்தாள். அம்மா பச்சை விளக்கில் காரை நிறுத்திவிட்டார். பின்னால் பலெர்மோ முழுவதும் ஹோன் அடித்தது. மலர் அன்ரி மகளின் பின்னலைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டிக்கிக்குள் நான் விம்மி விம்மி அழுதேன். தள்ளிவிட்டாளே என்ற கோபத்தில்தான் அழுகிறேன் என்று அப்போது நினைத்தேன். அன்று தொடக்கம் நாங்கள் எல்லோரும் பழையபடி "மலர் அன்ரி"க்குத் திரும்பிவிட்டோம்.

அந்தக் காரை விற்கச் சொல்லி அம்மாவை நச்சரித்து விற்க வைத்தது நான்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதில் அதிலிருந்து இறங்குவதைச் சிநேகிதிகள் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு சந்தி தள்ளியே இறங்குவேன். இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லையாம். தர்சினி இப்போது கல்யாணம் கட்டி அமெரிக்காவில் இருக்கிறாள். பிள்ளை பிறந்ததும் ஸ்டேஷன் வேகன்தான் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினாளாம். "அது அம்மா அப்பான்ரை கார் எண்டு சிரிக்கினமடி. இப்ப ஆர் வாங்கினம் எண்டு கேக்கினம்" என்றாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் மட்டும், தானும் நாலு சகோதரங்களும் அதன் பின்பக்கத்தில் உருண்டு வளர்ந்த கதையை வேலிக்கு மேலால் ஒரு மணித்தியாலம் சொன்னாராம். அவரும் வைத்திருப்பது ஜீப் மாதிரியான உயரக் காரைத்தான். பெற்றோர் ஓட்டியதை ஓட்டக் கூடாது என்று ஒரு தலைமுறை முடிவெடுத்தால் எந்த நல்ல சாமானும் தப்பாது போலும். கடைசியில் அவளும் உயரமான ஒன்றை வாங்கினாள், நானும் இங்கே அப்படித்தான்.

அந்த அன்ரிமாருக்கு இப்போது சொந்தமாக வீடு உண்டு, வீட்டில் கதிரைகள் உண்டு, டிக்கி விளிம்பு தேவையில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். மலர் அன்ரிக்கு மட்டும் வியாழன் வந்தால் கால் நிலைகொள்ளாது. போன வியாழன் அவரை மொந்தெல்லோவுக்குக் கூட்டிப் போனேன். என் காரின் பின்பக்கம் அவருடைய இடுப்பளவு உயரம், ஏறி இருக்க முடியவில்லை. முன்சீட்டில் பெல்ட்டும் போட்டபடியே இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது தர்சினியின் போன் வந்தது.

"எங்கை நிக்கிறியள் அம்மா?"

"மொந்தெல்லோவிலை பிள்ளை. காருக்குள்ளை இருக்கிறம்."

"என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோவன் அம்மா" என்றாள். பகிடியாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது அது பகிடியாக இருக்கவில்லை.

மலர் அன்ரி பின்னால் திரும்பிப் பார்த்தார். "இடம் கிடக்கு, வா" என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில் வைத்திருந்த தன் கைப்பையை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.