இறந்த தேதிக்கான கட்டம்

இறந்த தேதி குறிப்பிடாத விண்ணப்பத்தை ஏற்கக் கூடாது என்பது விதி. புதுச்சேரி அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டு இப்படிப்பட்ட விதிகளைக் கட்டிக் காத்தவன் நான்.

2009, துபாய், அல் குசைஸ்; ஓய்வுக்குப் பின் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை டீக்கடையில் காரைக்கால் வெல்டர் சவரிமுத்து போரில் இறந்தவர்களின் பதிவைக் கேட்டு விண்ணப்பிக்கும் ஒரு பிரெஞ்சுப் படிவத்தை என் முன் விரிக்கிறார். முதல் உலகப் போருக்கு முன்பே பிரான்சும் பிரிட்டனும் கடல்காவலைப் பங்கிட்டுக்கொண்டன: மத்தியதரைக் கடல் பிரான்சுக்கு, வடகடல் பிரிட்டனுக்கு. அந்த ராஜதந்திரத்துக்குக் கரி அள்ளிப்போட, அந்தப் போரில் பிரெஞ்சுப் போர்க்கப்பலில் போன இவருடைய தாத்தா திரும்பவே இல்லை.

"அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிடுச்சு சார். கல்லறைத் திருநாள்ல ஊரோட சேத்துத்தான் அவங்கப்பாவுக்குப் பூசை. அவருக்குன்னு ஒரு நாள் வேணுங்குது."

"இறந்த தேதி கேக்குறானே?"

"அது தெரிஞ்சா உங்களுக்கு ஏன் சார் டீ வாங்கித் தர்றேன்?"

அந்தக் கட்டத்தில் 'இதைத்தான் கேட்கிறோம்' என்று பிரெஞ்சில் எழுதுகிறேன். இப்படி வந்தவற்றை நானே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு சவரிமுத்து போன் செய்தார். காரைக்கால் வீட்டுக்குப் பதில் வந்துவிட்டதாம்: கடலில் காணாமல் போனார், நாள் பதிவாகவில்லை.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அப்பா பேரு போட்டுக் காயிதம் வந்துச்சுல்ல, அந்த நாளே போதும்னுடுச்சு சார்."

பூசைக்குக் குறித்த நாள், பிப்ரவரி 21.