மூக்குக்கு ஒரு பம்புசெட்

பற்ற வைக்காத பீடியை உதட்டில் இடுக்கிக்கொண்டு பெரியநாயகம் என் வேட்டிக் கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "ஒண்ணுமில்லீங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறேன். செத்த அந்தாண்ட நவுந்து குந்துங்க" என்கிறார். வேட்டி கட்டியவர்களைப் படகின் மேற்குப் பக்கப் பலகையில் உட்கார வைப்பது அவர் வழக்கம். பேண்ட் போட்டவர்கள் அவரைப் பொறுத்தவரை வெறும் சுமை.

நாகமரையிலிருந்து அக்கரைக் கோட்டையூருக்கு, மேட்டூர் அணையின் தேக்கத்தில் ஆட்களை ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. மற்றவர்கள் பரிசல் போட, இவர் மட்டும் பாய்மரம் கட்டியிருக்கிறார். வாலிபத்தில் தூத்துக்குடி உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர், காசு சேர்த்தாரோ இல்லையோ, அங்கத்துத் தோணிகளைப் பார்த்துப் பாய்ப் பைத்தியத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். பாய் என்றால் யூரியா சாக்குகளைப் பிரித்துத் தைத்தது. காற்றில் உப்பும்போது எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். என் மாமனார் ஊர் அக்கரையில் இருப்பதால், அந்தத் தலைகீழ் யூரியாவை மாதம் ஒரு முறையாவது தரிசிக்கிறேன்.

ஓட்டுவதில் சிரமம் இல்லை. கரையில் அணைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அணையில் தண்ணீர் ஏற இறங்கத் துறையும் இடம் மாறும். கயிறு கட்ட ஒரு கல்தூண்கூடக் கிடையாது. வெறும் பாறைச் சரிவு. பாயை இறக்கியதும் படகின் வேகம் செத்துவிடும். "வேகம் போச்சுன்னா சுக்கான் நம்ம பேச்சக் கேக்காதுங்க. படகு மூக்கு அது இஷ்டத்துக்குப் போவும்" என்பார். ஆடிக் காற்றில் அது நேரே பாறையைத் தேடித்தான் போகும்.

இத்தனை வருஷமும் அந்த மூக்கைக் கவனித்துக்கொண்டவர் அவர் மனைவி மதலேனம்மாள். மூங்கில் கழியோடு முன்னால் நிற்பார். பாறை நெருங்கியதும் கழியை ஊன்றித் தள்ளுவார், கயிற்றோடு தண்ணீரில் குதித்துப் படகை இழுப்பார். போன ஆடியில் குதித்தபோது படகுக்கும் பாறைக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது. தருமபுரியில் கட்டுப் போட்டார்கள். பல மாதம் படுக்கை. இப்போது ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார். இன்னொரு முறை அடிபட்டால் கால் தேறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேறு ஆள் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டேன். பெரியநாயகம் குரலைத் தாழ்த்தினார். "போட்டுப் பாத்தேனுங்க. இவ கரையில நின்னு அந்த ஆளு கழி புடிக்கிறதப் பாத்துட்டா. வூட்டுக்கு வந்து சோறு திங்கல. 'என் எடத்துல ஆளு வெச்சிட்டீங்களா'ன்னு ஒரே அழுவ. சரி, ஆளு வெச்சாதான கோவம், மிஷினு வெச்சா வராதில்லன்னு நெனச்சேன்."

அப்படி வந்ததுதான் பம்புசெட். அவருடைய மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றுக்கு இன்னும் கரண்ட் கிடைக்கவில்லை. அங்கே இறைத்துக்கொண்டிருந்த மண்ணெண்ணெய் எஞ்சினைக் கழற்றி வந்து படகின் பின்புறம் தன் காலடியில் வைத்துவிட்டார். ஒரு குழாய் அணைத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு ரப்பர் குழாய்கள் முன்னால் போய், மூக்கின் இரண்டு பக்கமும் அதைப் பீச்சும். இடது பக்கம் பீச்சினால் மூக்கு வலது பக்கம் திரும்பும். கயிற்றை இறங்குகிறவர்களில் யாராவது வாங்கிக்கொள்வார்கள். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும் நாளில் படகுக்கு விடுமுறை.

அடிக்கடி எங்களோடு வரும் ஆட்டு வியாபாரி சென்னப்பனுக்கு இதைக் கிண்டலடிப்பதே பொழுதுபோக்கு. "காத்துல போற படகுக்கு எதுக்கய்யா எஞ்சினு? எஞ்சின் இருக்குதில்ல, அதையே மாட்டி ஓட்டு. பாயி எதுக்கு?" நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. பெரியநாயகத்துக்குக் கோபமே வரவில்லை. "எண்ணெய் யாரு ஊத்துவா, உன் ஆடா? காத்து சும்மா வருது. கரைகிட்டதான் நம்மள ஏமாத்துது. அதுக்கு மட்டும் ஒரு தள்ளு" என்றார்.

இன்று, கால் ஒடிந்த பிறகு முதல் முறையாக, மதலேனம்மாள் படகில் ஏறியிருக்கிறார். பெரியநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னிக்குப் பாரு, மகராணி கணக்கா குந்தினு வரலாம்" என்று அவரைப் பெண்களோடு நடுப்பலகையில் உட்கார வைத்தார். கோட்டையூரை நெருங்கியதும் பாயை இறக்கி எஞ்சினைக் கிளப்பினார். மூக்கு பழகிய எருது மாதிரி திரும்பி, பாறையில் பட்டும் படாமல் ஒட்டி நின்றது. சென்னப்பனே வாயைப் பிளந்தார்.

மதலேனம்மாள் மட்டும் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "எப்பிடி?" என்று பெரியநாயகம் கேட்டார். "நல்லாதான் இருக்குது. இனிமே எனக்கு என்னா வேல இங்க. கரையிலயே கெடக்கறேன்" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பெரியநாயகம் எஞ்சினை நிறுத்தினார்.

சாயங்காலம் திரும்பும்போது, "முன்னால போயி குந்து, காத்து நல்லா வரும்" என்று மனைவியை முதல் பலகைக்கு அனுப்பினார். நான் பின்னால் அவர் பக்கத்தில் இருந்தேன். நாகமரைக் கரை நெருங்கியது. பாய் இறங்கியது, எஞ்சின் படபடத்தது, மூக்கு திரும்பத் தொடங்கியது. திடீரென்று பாதியில் நின்று பாறைப் பக்கம் நழுவியது.

"அய்யய்யோ, தண்ணி வரல! பாசி அடச்சிக்கிச்சி! மதலேனு, கழிய எடு! குந்தினவாக்குலயே ஊனு, எறங்காத! சென்னப்பா, கயிறப் புடி!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கழி மதலேனம்மாள் கையில் இருந்தது. உட்கார்ந்தபடியே ஊன்றி, உடம்பைச் சாய்த்து ஒரு தள்ளு. மூக்கு பாறையை விட்டு விலகித் துறைக்கு வந்தது. சென்னப்பன் கயிற்றோடு குதித்தார். "இன்னம் சுக்கான ஒடிங்க! எத்தினி வருசம் ஓட்டுறீங்க, இது கூடவா தெரியல?" என்று மதலேனம்மாள் திரும்பிப் பார்க்காமலே அதட்டினார். அந்தக் குரலை நான் கேட்டு ஒரு வருஷமாகிறது.

"ஒடிச்சிட்டேன், ஒடிச்சிட்டேன்" என்று பெரியநாயகம் பதறினார். வலது கை சுக்கானில் இருந்தது. இடது கையால், உறிஞ்சும் குழாயின் முனையைத் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.