இருபத்து மூன்றாவது மீட்டர்

சயோவின் ஆய்வகத்தில் கல்லைப் படிக்கிறவர்கள் பல ரகம். ஒருவர் கல்லைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, உருப்பெருக்கியில் அதன் படிகங்களைப் பார்த்துப் பூரிப்பார். இன்னொருவர் அதன் வயதைக் கணக்கிடுவார். மூன்றாமவருக்குக் கல்லுக்குள் செத்துப்போன சிப்பிதான் உயிர். பாராட்டெல்லாம் அவர்களுக்கு.

ஐம்பத்திரண்டு வயதுச் சயோ வேறு ரகம். இந்த மலை நிற்குமா, நகருமா? அந்த ஒரே கேள்விக்காக முப்பது வருஷமாக ஜப்பானின் ஷிகோகு தீவுச் சரிவுகளில் துளை போட வைத்து, வெளியே வரும் கல் உருளைகளை மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கிப் பார்த்து வந்தாள்.

அன்று துளை போட்டது நாத்தனார் ஃபுமியேயின் வீட்டுக்கு மேலே. சயோவின் கணவன் நவோகி பிறந்த வீடு அது. அவன் இறந்த நாளிலிருந்து நாத்தனார் அவளோடு பேசுவதில்லை.

இருபத்து மூன்றாவது மீட்டரில், பச்சைப் பாறைக்கு நடுவே, விரல் தடிமனில் சாம்பல் நிறக் களிமண் வந்தது. மலை அதன் மேல்தான் வழுக்குகிறது என்றால் ஃபுமியே வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சயோ அந்த உருளையின் மேல் குனிந்தாள்.

துளை போடும் ஹோரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"சென்செய், அது என் மெஷின் அரைச்ச மாவு. நீங்க பாட்டுக்கு எதையாவது எழுதி வெச்சிடாதீங்க."

அப்படியும் நடப்பதுண்டு. சின்ன வயதில் அந்த மாவைக் களிமண் என்று எழுதி ஏமாந்தவள்தான் சயோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சிட்டிகை கிள்ளி முன்பற்களுக்கு நடுவே வைத்தாள்.

"என் தம்பிய முழுங்கினது போதாதுன்னு இப்ப மண்ணையும் திங்கிறியாடி?"

வேலியோரம் ஃபுமியே நின்றிருந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"மெஷின் அரைச்சதுன்னா மணல் மாதிரி பல்லுல நறநறக்கும், அண்ணி. மலை தானா தேய்ச்சதுன்னா டோஃபு மாதிரி வழுக்கும்."

"இது எப்படி இருக்கு?"

சயோவின் கண்கள் நிறைந்தன. ஹோரி தலையைக் குனிந்துகொண்டார்.

"வழுக்குது, அண்ணி."

"கொண்டா இங்க. என்னைத் துரத்துறது எதுன்னு நானும் பார்க்கிறேன்."

ஃபுமியே வாயில் போட்டு மெதுவாக மென்றாள். ஒரு துகள்கூடப் பல்லில் தட்டவில்லை. கோபத்தில் சுருங்கியிருந்த முகம் மெல்ல விரிந்தது.

"இத்தனை நாளும் இதுவா எனக்கு அடியில கிடந்துச்சு? வேகமாப் போகுதா?"

"அளந்து பார்த்தாத்தான் தெரியும். ஆனா மழைக்காலம் முடியற வரைக்கும் நீங்க இங்க இருக்க வேண்டாம்."

"உன் வீட்ல எத்தனை அறை?"

"ரெண்டு."

"நவோகி படம் வெச்சுக் கும்பிடுற பூஜை மாடத்தை எதுல வெக்கிறது? அதை விட்டுட்டு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

வாயில் மண்ணோடு சயோ விம்மி அழுதாள்.