கவனம் நின்றது, இடுப்பு நிற்கவில்லை

தையல் கடைக்கு அளவு கொடுக்க வருகிற எந்த ஆண்பிள்ளையும் தன் நிஜ வயிற்றோடு வருவதில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முந்தின வயிற்றைத்தான் காட்டுவான். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்த எனக்கு அந்தப் பொய்யெல்லாம் பழக்கம். துணியில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிக் கொடுப்பது என் வேலை. மிஷினில் தைப்பது சுப்பையா. கடை காதர் பாயுடையது.

தொண்ணூறுகளின் நடுவில், அந்தக் கடையில் இருக்கும்போதுதான் ஏ.டி.எச்.டி. என்கிற கவனம் நிற்காத கோளாறுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தேன். அசந்தேன், பெருத்தேன். மாத்திரை போட்டு ஒன்று சரியாகி இன்னொன்றில் மாட்டிக்கொண்ட என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான்.

வாத்தியாரின் பேன்ட்

இது மாத்திரைக்கு முந்தின கதை. ஒரு வேலையில் கை இருந்தால் மனசு இருக்காது எனக்கு. ரோட்டில் சத்தம் கேட்டால் கத்தரியோடு வாசலுக்குப் போவேன். அங்கிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து யாரோடாவது பேச்சு. திரும்பி வரும்போது மேஜையில் கிடப்பது யார் துணி, என்ன தைக்க வேண்டும் என்பதெல்லாம் போயே போயிருக்கும். அப்படி ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் இரண்டு டிரைவர்கள் போட்ட சண்டையைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாத்தியாரின் பேன்ட் துணியை அரைக்கால் சட்டையாக வெட்டிவிட்டேன்.

பாய் வேறு துணி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். ஆனால் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் கத்தரியை வேறு ஆளிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். கத்தரியைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு ஒன்றும் பிடிக்கத் தெரியாது. வாத்தியார் மட்டும் அந்த அரைக்கால் சட்டையைத் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும் மாஸ்டர். ஆனா இதப் போட்டுக்கிட்டு நான் எந்தப் பயல முட்டி போடச் சொல்றது?"

அசையாத மாஸ்டர்

பாயின் தங்கை மகனுக்கும் என்னைப் போலவே கால் நிற்காது, மனசு நிற்காது. அவனை மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டி மாத்திரை கொடுத்து வந்தார்கள். அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பாய், வேலையை விட்டு விரட்டுவதற்குப் பதிலாக என்னை பஸ் ஏற்றி அந்த டாக்டரிடமே கூட்டிப்போனார். அந்த உபகாரத்தை நான் மறக்கமாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் கொடுக்கிற மருந்து, பெரியவர்களுக்கும் கேட்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

காலையில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான், நான் மேஜையை விட்டு நகரவில்லை. கோடு போட்டேன், வெட்டினேன், அடுத்த துணியை எடுத்தேன். வெளியில் ஏதோ ஊர்வலம் மேளத்தோடு போனது, நான் தலை தூக்கவில்லை. மத்தியானம் சோறு நினைவே வரவில்லை. தூக்குச்சட்டி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சுப்பையா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"மாஸ்டர், செத்த நேரம் வெளிய போய்ச் சுத்திட்டு வாங்க. நீங்க இப்பிடி நிக்கிறதப் பாத்தா எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

கிருஷ்ணன்கோவில் யாத்திரை

நாலு மணிக்கு மேல் மாத்திரையின் வேகம் இறங்கும். அதோடு நானும் இறங்குவேன். கை கால் எல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கிப்போகும். என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சாயங்கால பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். விழிக்கும்போது எங்கள் ஊரைத் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் திபுதிபுவென்று ஏறிக்கொண்டிருப்பார்கள். இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, திரும்பி வருவேன். தினமும் போகும்போது அதே பஸ், அதே கண்டக்டர். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் எடுத்துட்டுத் தெனமும் கிருஷ்ணன்கோவில்ல எறங்குறீங்களே, அங்க ரெண்டாவது வீடு எதுவும் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் ஊர் வந்ததும் அவரே வந்து தோளைத் தட்டி எழுப்பிவிடுவார்.

சுருங்கும் துணி

பகலெல்லாம் பட்டினி கிடந்த வயிறு பொழுது சாய்ந்ததும் பழிவாங்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் பால்கோவா. பிறகு புரோட்டா. வீட்டுக்குப் போய் மத்தியானச் சோறு, அதன்மேல் ராத்திரிச் சோறு. முன்பெல்லாம் நிற்காமல் அலைந்ததே எனக்கு ஒரு தேகப்பயிற்சி என்பது, அலைச்சல் நின்ற பிறகுதான் தெரிந்தது. சட்டை பட்டன்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்பு தெரிவித்தன.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் முதல் சலவையில் சுருங்கும். தொழில் தெரிந்தவன் சொல்கிற காரணம் அது. ஒவ்வொரு சட்டைக்கும் அதையே சொன்னேன். என் மனைவி சண்முகத்தாய் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எம் புடவையும் அதே தண்ணியிலதான் நனையுது. ஒங்க சட்டைக்கு மட்டும் எம்புட்டு வெக்கம், இப்பிடிச் சுருங்குது?"

மில் மேஸ்திரியின் மூச்சு

ராமராஜா என்று ஒரு மில் மேஸ்திரி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஆஜானுபாகு. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து அளவு கொடுத்தார். நான் பின்னால் நின்று மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தேன். அவர் வழக்கப்படி மூச்சை இழுத்தார். அகலமான முதுகு, வெதுவெதுப்பாக இருந்தது. அதில் நெற்றியைச் சாய்த்ததுதான் எனக்கு ஞாபகம்.

எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. கண்ணைத் திறந்தால் கடையே வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. மனுஷன் நகர்ந்தால் நான் விழுந்துவிடுவேன் என்று அப்படியே கம்பம் மாதிரி நின்றிருக்கிறார்.

"அளவு எடுத்து முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க மாஸ்டர், மூச்ச விட்டுக்கிறேன்."

சிங்கப்பூர் துணி

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தொப்பையும் வேண்டாம், இந்த அசதியும் வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். பேருக்குக் கொஞ்சம் இளைத்தேன், சந்தோஷப்பட்டேன். அந்த வாரம் வன்னியம்பட்டியிலிருந்து ஒரு கல்யாண மாப்பிள்ளை கோட்டுத் துணி கொண்டுவந்தார். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பியது. ராஜபாளையம் முழுக்கத் தேடினாலும் அதே துணி கிடைக்காது.

கோட்டின் முன்பக்கம் இரண்டு துண்டு. ஒன்றுக்கு ஒன்று எதிராக வரவேண்டும். வாசலில் எவனோ ஹாரன் அடித்தான், எட்டிப் பார்த்துவிட்டு வந்து கோடு போட்டேன். கத்தரியை வைக்கப் போகிறேன், சுப்பையாவின் கை குறுக்கே வந்தது. கத்தரி வாய்க்கும் துணிக்கும் நடுவில் விரலை வைத்துவிட்டார் மனுஷன். குனிந்து பார்த்தேன். இரண்டும் வலப்பக்கமாகவே போட்டிருந்தேன். வெட்டியிருந்தால் அந்த மாப்பிள்ளைக்குக் கோட்டும் இல்லை, எனக்கு மேஜையும் இல்லை. உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாய் கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். கத்தரியை வாங்கி உள்ளே வைக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் செருப்பை மாட்டினார்.

"எந்திரிங்க மாஸ்டர். மதுர பஸ்ஸு நிக்குது. மாத்திரைய நிறுத்தணுமா வேண்டாமான்னு டாக்டரு சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க."

டாக்டரின் மருந்து

டாக்டர் திட்டவில்லை. ரத்தம் பரிசோதித்தார், அதில் கோளாறு இல்லை. எப்போது சாப்பிடுகிறேன், எப்போது தூங்குகிறேன் என்று விசாரித்தார். காலை மாத்திரையைக் குறைத்து, மத்தியானத்துக்கு ஒரு சின்னதைச் சேர்த்தார். பாய் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"மத்தியானம் இவருக்குப் பசிக்காது. பசிக்கலைன்னாலும் சாப்பிடணும். அதுக்கு நான் மாத்திரை எழுத முடியாது, நீங்கதான் பாத்துக்கணும்."

தீபாவளிச் சட்டை

பாய் பார்த்துக்கொண்டார். மத்தியானம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சத்தம் கேட்டதும் கத்தரியைப் பிடுங்கிக்கொள்வார். தூக்குச்சட்டி காலியானால்தான் திருப்பித் தருவார். அளவு கொடுக்க வருகிறவர்களைக் காலையில் வரச்சொன்னார். ராமராஜாவும் ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையிலேயே வந்தார். சாயங்காலம் கடையிலிருந்து கொஞ்சதூரம் நடந்து, அடுத்த ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். அசதி முழுக்கப் போகவில்லை, ஆனால் யார் முதுகிலும் தூங்கவில்லை. எடை கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் தங்கிவிட்டது. மேஜை என்னிடமே இருந்தது. மாப்பிள்ளையின் கோட்டையும் நான்தான் வெட்டினேன்.

தீபாவளிக்குப் பாய் எங்களுக்குச் சட்டைத் துணி கொடுப்பது வழக்கம். அவரவர் சட்டையை அவரவர் தொடக்கூடாது, அடுத்தவர்தான் தைக்க வேண்டும் என்பதும் அந்தக் கடையின் வழக்கம். அந்த வருஷம் சுப்பையா எனக்கு அளவெடுத்தார். நான் மூச்சை இழுக்காமல் நின்றேன். அவர் வாய்விட்டு அளவைச் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. சட்டை தயாரானதும் உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலில் தாராளமாக மடித்துவிட்டிருந்த துணியைக் காட்டினார்.

"கூடுனாலும் பரவால்ல, கொறஞ்சாலும் பரவால்ல மாஸ்டர். பிரிச்சுத் தைக்க நா இருக்கேன்ல."

மாத்திரையால் என் மனசு நிலைத்தது, மனிதர்களால் என் வேலை நிலைத்தது, கூடின எடைக்கு மட்டும் இன்றுவரை ஒருத்தரும் பொறுப்பேற்க முன்வரவில்லை.