தலைதீபாவளியில் அத்தை போட்ட சண்டை

திருவண்ணாமலை பே கோபுரத் தெருவில் என் மாமியார் உண்ணாமலையைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். கேதார கௌரி நோன்புக்கு அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அதிரசம் சுட்டுக் கொடுப்பவர் அவர்தான். பாகு பதம் பார்க்கிற நேரத்தில் பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் கரண்டி பறக்கும். குழாயடியில் அவர் தொண்டையைச் செருமினாலே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும்.

இத்தனை வாய் உள்ள மனுஷி என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். மருமகன் எதிரில் மாமியார் நின்று பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. கல்யாணமாகிப் பல மாதங்கள் வரை அவர் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து உத்தரவு மட்டும் வரும்.

"திரௌபதி, மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வேணுமானு கேளு."

நான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். என் காதில் அது விழுந்திருக்கும். இருந்தாலும் என் மனைவி திரௌபதி என்னைப் பார்த்துக் கேட்க வேண்டும், நான் அவளிடம் சொல்ல வேண்டும், அவள் கதவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் குழம்பு ஆறிவிடும்.

என் பெயர் பலராமன். கீழ்பென்னாத்தூரில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தலைதீபாவளி வந்தபோது திருவண்ணாமலை தனி மாவட்டமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. புது வேட்டி, புது மோதிரம், கறிக்குழம்பு, மறுநாள் நோன்பு, படையல் முடிந்ததும் தட்டு நிறைய அதிரசம். தின்றேன். கூச்சமே இல்லாமல் தின்றேன். கதவுக்குப் பின்னால் யாரோ சந்தோஷமாக மூக்கை உறிஞ்சியது கேட்டதும் இன்னும் கொஞ்சம் தின்றேன்.

அன்று சாயங்காலம் தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடித்தது. அஜீரணம் என்று நினைத்தேன். ஊரே மெச்சும் அதிரசத்தைத் தின்றுவிட்டு வயிற்று வலி என்று மாமியார் வீட்டில் எந்தப் புது மாப்பிள்ளையாவது வாய்விட்டுச் சொல்வானா? திரௌபதியிடம் மட்டும் காதோடு சொன்னேன். ஓமத்தண்ணி கொடுத்தாள். குடித்தேன், வாந்தியாக வந்துவிட்டது. ராத்திரி சாப்பாடு என்றாலே குமட்டியது. விடிந்தபோது வலி தொப்புளை விட்டுவிட்டு வயிற்றின் கீழே, வலது பக்கமாகப் போய்க் குடியேறியிருந்தது. உடம்பு கணகணவென்று இருந்தது. இருமினால் உயிர் போனது. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் கொஞ்சம் தேவலை.

அந்தக் கோலத்தில்தான் என் அக்கா ரேணுகாம்பாள் என்னை வந்து பார்த்தாள். அவளைக் கட்டிக் கொடுத்ததும் அதே ஊர்தான், நாலு தெரு தள்ளி. அம்மா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள். எனக்குத் தும்மல் வந்தாலே அவளுக்குக் காய்ச்சல் வரும்.

"இன்னாடா இது, மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்குது? எங்கூட்ல இருந்த வரைக்கும் தலைவலின்னு ஒரு நாள் படுத்திருப்பியா? மாமியார் வூட்டு சோறு துன்ன மூணாம் நாளே படுத்துட்டியே!" என்றவள், குரலை இறக்கிக் கேட்டாள். "டேய், மருந்து வெச்சிட்டாங்களாடா?"

மாப்பிள்ளை பெண்டாட்டி வீட்டையே சுற்றி வரவேண்டும் என்று சோற்றிலோ பலகாரத்திலோ எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இடுமருந்து என்பார்கள். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடுமாம். அதை வெளியே எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. அப்படி ஒருவரை அக்கா கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சைக்கிளில் வந்தார் மனிதர். என் நாடியைப் பிடித்தார், கண்ணை மூடினார்.

"அப்பிடியே ஒட்டிக்கினு இருக்குதும்மா. பச்சிலச் சாறு குடுத்தா வாந்தியில பாதி வரும். வெளக்கெண்ண குடுத்தா பேதியில மீதி போயிடும்."

அக்கா டம்ளரை என் வாயருகே கொண்டுவந்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அப்போது பின்கட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"டம்ளர கீழ வையி!"

என் மாமியார் நடு வீட்டில் நின்றார். முந்தானை இடுப்பில் சொருகியிருந்தது. அன்றைக்குத்தான் அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். என் மனைவிக்கு அந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"யாரும்மா மருந்து வெச்சது? நானா? ஊருக்கே அதிரசம் சுட்ட கை இது. இந்தத் தெருவுல எவன் வயித்தப் புடிச்சிக்கினு படுத்துக் கெடக்கறான்? போயிப் பாத்துட்டு வா!"

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. "தெருவுல கீறவங்க எல்லாமா உங்களுக்கு மாப்பிள்ளை? மாப்பிள்ளைக்குத்தான அத்தை மருந்து வெப்பாங்க?"

வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலி சுருக்கென்று குத்தியது. சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றார் அத்தை. "டாக்டரு சொல்லட்டும். என் கையால வந்த வெனைன்னு சொன்னா இன்னிக்கே அடுப்ப இடிச்சிட்டு சட்டியத் தூக்கிக் குப்பையில வீசிடறேன். இல்லன்னு சொன்னா, நீ வூடு வூடா நின்னு சொல்லணும், உண்ணாமலை மேல தப்பு இல்லன்னு. சம்மதமா?"

"சம்மதம்!" என்றாள் அக்கா.

"எழுந்திருங்க மாப்பிள்ளை!"

என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். பயத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். நிமிர முடியவில்லை. வலது கை தானாக வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. தீபாவளி அசதியில் ஊரில் வண்டி வாகனமே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது ஜானி பாஷாவின் ஆட்டோ ஒன்றுதான். பின் சீட்டில் என்னை நடுவில் போட்டு, ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் திரௌபதி. அக்கா பாஷாவின் பக்கத்தில் ஓரமாகத் தொற்றிக்கொண்டாள். மருந்து எடுப்பவர் விளக்கெண்ணெய் பாட்டிலோடு சைக்கிளில் பின்னாலேயே வந்தார். கையில் சிக்கிய ஆளை விட அவருக்கு மனசு வரவில்லை.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் அலறினேன்.

"மெதுவாப் போ பாய்!" என்று கெஞ்சினாள் திரௌபதி.

"நான் மெதுவாத்தாம்மா போறேன். ரோடுதான் வேகமா வருது," என்றார் ஜானி பாஷா.

தேரடி தாண்டி ஒரு பெரிய பள்ளம். தூக்கிப் போட்டது. வயிற்றுக்குள் என்னவோ விட்டுப்போன மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், வலி இல்லை! ராத்திரி முழுக்கப் பிடுங்கித் தின்ற வலி இருந்த இடம் தெரியவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

"போயிடுச்சு! வலி நின்னுடுச்சு! வண்டியத் திருப்புங்க, வூட்டுக்கே போயிடலாம்," என்றேன்.

"பாத்தியா! சாறு வாசனைக்கே மருந்து எறங்கிடுச்சு!" என்று அக்கா கைதட்டினாள். திரௌபதி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஜானி பாஷா வேகத்தைக் குறைத்து, "திருப்பட்டுங்களா?" என்றார்.

அத்தை ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், ரோட்டோரம் படுத்திருந்த மாடு எழுந்துவிட்டது.

"வண்டி திரும்புச்சு, அப்பறம் எங்க தெருவுல நீ எப்பிடி ஓட்றேனு பாத்துடறேன் பாஷா! மாப்பிள்ளைக்கு வலி போச்சு, சரி. என் பேரு போச்சே, அது எந்த பஸ்ஸுல திரும்பி வரும்? டாக்டரு வாயால கேக்காம நான் வூட்டுக்குத் திரும்ப மாட்டேன். ஓட்டு!"

"வலியே இல்லன்றாரு, அப்பறம் இன்னாத்துக்கு அத்தை ஆஸ்பத்திரி?" என்று அக்கா மறித்தாள். அத்தை அவளையும் ஒரு பிடி பிடித்தார். அவள் புகுந்த வீட்டில் பொங்கும் வடிகஞ்சி வரை இழுத்துவிட்டார். அக்கா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜானி பாஷா காதில் எதுவும் விழாதவர் மாதிரி ஆக்சிலேட்டரை முறுக்கினார். இந்தப் பொம்பளையின் வீம்புக்கு நான் பலியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, அதிரசம் துன்னா இது வருமா?"

"அதிரசமா? மொதல்ல அவர படுக்க வைங்கம்மா."

வலி எங்கே ஆரம்பித்தது, எங்கே நகர்ந்தது, சாப்பிடப் பிடித்ததா, வாந்தி உண்டா, காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டார். வலது பக்கம் அடிவயிற்றை மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோதுகூடப் பொறுத்துக்கொண்டேன். எடுத்தபோது கட்டிலை விட்டு எழும்பிவிட்டேன். வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. வலி நின்ற கதையை நானே பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வலி நின்னது நல்லதுக்கு இல்லங்க. இது அப்பெண்டிக்ஸ், குடல்வாலு. வீங்கியிருந்தது வெடிச்சிருக்கு. வெடிச்சதும் கொஞ்ச நேரம் சொகமா இருக்கும். அப்பறம் சீழு வயிறு முழுக்கப் பரவிடும். சொகமாயிடுச்சுனு வூட்ல படுத்தவங்க பொழைக்கறது கஷ்டம்." நர்ஸிடம் திரும்பி ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். "சொட்டுத் தண்ணி கூடக் குடுக்காதீங்க. பேதிக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"நல்லவேளை. இந்த மாதிரி வலிக்குப் பேதி மருந்து குடுத்தாலும் வெடிச்சிடும், ஒத்தடம் குடுத்தாலும் ஆபத்துதான்."

வாசலில் சைக்கிள் மணி ஒரு தரம் அடித்தது. அப்புறம் அது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் நான் சொல்கிற விஷயம்தானே? விடாமல் இரைகிற மோட்டார் திடீரென்று அமைதியானால், சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படாதே, உள்ளே காயில் கருகியிருக்கும், ஓடிப்போய் சுவிட்சை அணை என்று. என் வயிறு என்றதும் அறிவு வேலை செய்யவில்லை.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் பின்னால் அத்தை குரல் கேட்டது.

"அப்ப அதிரசம் இல்லதான டாக்டரம்மா?"

"இல்லம்மா, இல்லவே இல்ல! போய் ரத்தம் குடுக்க ஆளைக் கூட்டியாங்க!"

பிழைத்தேன். வயிற்றில் குழாயோடு பல நாள் கிடந்தேன். அத்தை அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் என் கட்டிலருகே உட்கார்ந்து பேசித் தீர்த்தார். என்னால் எழுந்து ஓடவும் முடியாது. கதவு, மரியாதை எல்லாம் அதோடு போயிற்று. ஒரு மருமகனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது. அக்கா சொன்ன சொல் தவறாமல் பே கோபுரத் தெருவில் வீடு வீடாக நின்று, "என் தம்பிக்கு வந்தது குடல்வாலு, அத்தை மேல தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் மீதிப் பாதித் தெருவும் அதிரசத்துக்குச் சொல்லிவிட்டது.

அதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் வயிற்று வலி என்று நிம்மதியாகப் படுக்க முடியாது. அத்தை வந்து நின்றுவிடுவார். "தொப்புள்ல ஆரம்பிச்சு வலது பக்கம் எறங்குச்சா? சோறு வேணான்னுதா? காய்ச்சல் கீதா? இருமு, பாக்கலாம்!" சந்தேகம் வந்தால் ஆட்டோதான். பாதிப் பேருக்கு வெறும் வாயுவாக இருக்கும். தெரு சிரிக்கும். "ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொன்னதுக்கு எவனாச்சும் அழுவானா? போடா!" என்பார்.

பத்து வருஷம் கழித்து அக்கா மகள் ஓவியா பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றின் வலது பக்கத்தைப் பிடித்தபடி குனிந்துகொண்டே வந்தாள். அக்கா யாரையும் தேடவில்லை. நேராக அத்தையிடம் ஓடினாள். வெடிப்பதற்கு முன்பே ஆபரேஷன் ஆகிவிட்டது. மூன்றாம் நாளே குழந்தை கட்டிலில் உட்கார்ந்துகொண்டு டிவி இல்லையா என்று கேட்டாள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தையை வம்புக்கு இழுத்தேன். "ஏன் அத்தை, அன்னிக்கு உங்க பேரைக் காப்பாத்திக்கத்தான போனீங்க? கூடவே நானும் தப்பிச்சேன், அவ்ளோதான்."

அத்தை சிரிக்கவில்லை.

"பேராவது, புண்ணாக்காவது. வலி போச்சுனு நீங்க குதிச்சப்ப உங்க கை என் கையில இருந்துச்சு மாப்பிள்ளை. சில்லுனு வேர்த்துக் கெடந்துச்சு. உதட்டுல ரத்தமே இல்ல. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. பயமா கீதுனு நான் சொல்லியிருந்தா இன்னா நடந்திருக்கும்? எம் பொண்ணு அங்கியே விழுந்து அழுதிருப்பா. உங்க அக்கா ஒரு யோசனை சொல்லும், பாஷா ஒண்ணு சொல்லுவான். வண்டி நடு ரோட்டுல நின்னிருக்கும். அழுவற பொம்பளைய ஆளாளுக்கு நிறுத்தலாம். சண்டை போடறவள எவன் நிறுத்துவான்?"

இத்தனை வருஷமாக வீம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் வூடு வூடா போயி நின்னிருக்க வேணாமே அத்தை?"

"அதெப்பிடி?" என்றார் அத்தை. "வண்டியில போட்ட சண்டைதாம்மா பொய்யி. வூட்ல போட்டது நெஜம்."